எண் தீரும் இடம்

சாப்பாட்டு மேஜையில் டேட்டாபேஸ் பேச்சை எடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் வீட்டுக்காரர். பல் செட் செய்வது அவர் தொழில். கம்ப்யூட்டரைக் கண்டாலே அவருக்குக் கொட்டாவி வரும். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் தம்பி என்று நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் தன் தலைக்கு மேலே வாதாடுவதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் புரியலை, அதுகூடப் பரவாயில்லை. சோறு இறங்க மாட்டேங்குது" என்றார். அன்றிலிருந்து சட்டம் அமலுக்கு வந்தது.

அன்று காலை அந்தச் சட்டத்தை இருவரும் தேவைக்கு மேலேயே மதித்தார்கள். கொழுந்தன் முந்தின நாளே ஊரிலிருந்து வந்து மாடி அறையில் தங்கியிருந்தான். வழக்கமாக வந்ததும் வராததுமாக அண்ணியின் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறவன், இந்தத் தடவை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. வெண்ணெய் டப்பாவை நகர்த்திக் கொடுத்தபோதுகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே பஸ்லதானே போறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு, அதற்கும் சங்கடப்பட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

இருவரும் வேலை செய்தது ஒரே டேட்டாபேஸில். அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமானது இல்லை. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அனுப்பிய திருத்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு சின்னக் குழு இருந்தது. பள்ளிக்கூடம், ரயில் நிலையம், மருத்துவமனை, வங்கி என்று எங்கெங்கோ அந்த டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. எங்கெல்லாம் என்று எழுதியவர்களுக்கே முழுதாகத் தெரியாது. ஆண்டுக்கொரு முறை குழு ஒன்றுகூடி, அடுத்த பதிப்பில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று திட்டம் போடும்.

அவள் அதில் ஆரம்பத்திலிருந்தே இருப்பவள். கொழுந்தன் பின்னால் வந்து சேர்ந்தவன். முதல் கூட்டத்திலேயே எல்லார் முன்னாலும் அவளை "அண்ணி" என்று அவன் கூப்பிடப்போக, அதுவே அவள் பெயராகிவிட்டது. தாடி நரைத்தவர்கள்கூட அண்ணி என்றுதான் கடிதம் எழுதினார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது: முட்டுக்கட்டை. எதைக் கொண்டுவந்தாலும் முதலில் வேண்டாம் என்பவள் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

இந்த முறை சண்டை ஓர் எண்ணைப் பற்றியது. டேட்டாபேஸில் யார் எதை மாற்றினாலும் அந்த மாற்றத்துக்கு ஒரு வரிசை எண் விழும். எந்தப் பதிவு முந்தியது, எது பிந்தியது என்று அந்த எண்ணை வைத்துத்தான் அது தெரிந்துகொள்ளும். ஆனால் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் குறுகலானது. சுமார் இருநூறு கோடி மாற்றத்தைத் தாண்டினால் எது முன், எது பின் என்று அதற்குத் தலை சுற்றிவிடும். பழைய பதிவுகளையெல்லாம் இனிமேல் நடக்கப்போகிறவை என்று நினைத்துக்கொண்டு மறைத்துவிடும். அப்படி ஆகாமல் இருக்க உள்ளே ஒரு துப்புரவு வேலை ஓயாமல் நடக்கும். பழைய பதிவுகளைத் தேடிப் போய், இது பழசு, இதன் எண்ணைப் பார்க்க வேண்டாம் என்று முத்திரை குத்திவிட்டு வரும். குழுவில் அதைத் துடைப்பம் என்பார்கள். துடைப்பம் பின்தங்கிப் போய், எண்ணும் தீர்கிற இடத்துக்கு வந்துவிட்டால், டேட்டாபேஸ் கையை விரித்துவிடும். இருப்பதைப் படிக்கலாம், புதிதாக ஒரு வரிகூட எழுத விடாது.

எண்ணுக்கு இடத்தை அகலமாக்கிவிட்டால் பிறகு தீரவே தீராது என்றான் கொழுந்தன். அதற்கான வேலையில் பெரும்பகுதியை எழுதியும் முடித்திருந்தான். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. அகலமாக்கினால் கம்ப்யூட்டரின் வட்டில், அதாவது டிஸ்கில், பதிவுகள் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு பக்கத்தின் அமைப்பும் மாறும். புதிய பதிப்புக்கு வருகிற ஒவ்வொருவனும் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டு மணிக்கணக்கில் மாற்றி எழுத வேண்டும். துடைப்பம் ஒழுங்காக ஓடுகிற இடத்தில் எண் தீராது; ஆகவே துடைப்பத்தை நல்லதாகச் செய்வோம் என்பது அவள் கட்சி. சிறுகச் சிறுகப் பெருக்கிக்கொண்டே போகும் புதுத் துடைப்பம் ஒன்றை இரண்டு வருடமாக அவளும் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே பதிப்பில் போக முடியாது. கை வைக்க வேண்டியது ஒரே இடம். சரிபார்க்கவும் ஆள் போதாது.

மூன்று வாரத்துக்கு முன்னால், எல்லாரும் படிக்கிற பொது அஞ்சலில் கொழுந்தன் ஆத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டான்: "அண்ணி இருக்கிறவரைக்கும் இந்த டேட்டாபேஸில் எதுவும் மாறாது." அவள் அதற்கு "சரி" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டாள். அந்தச் சரி அவனை வாட்டியெடுத்தது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை, விடவும் மனசு வரவில்லை.

கூட்டம் ஒரு நூலகத்தின் மேல்மாடி அறையில். வாடகைக்கு எடுத்த இடம்; ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு வாளி வைத்திருந்தார்கள். தரையில் ஒயர்களை டேப் போட்டு ஒட்டியிருந்தும் வருகிறவர்கள் எல்லாரும் தடுக்கினார்கள். தலைமை தாங்கியவருக்கு வாத்தியார் என்று பெயர்; உண்மையிலேயே கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். யாரையும் நோகடிக்காமல் கூட்டத்தை முடிப்பதில் கெட்டிக்காரர். காலை முழுவதும் சின்னச் சின்ன விஷயங்களை எடுத்துப் போட்டு, எண் விவகாரத்தை மதியத்துக்கு ஒதுக்கியிருந்தார். வயிறு நிறைந்தால் கோபம் தணியும் என்பது அவர் கணக்கு.

கணக்குத் தப்பியது. சாப்பாட்டுக்கு எழுந்திருக்கப் போகும் நேரம் கொழுந்தன் தன் மடிக்கணினியைப் பார்த்தபடியே, "ஒரு நிமிஷம்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. உதவிக்கான பொது அஞ்சலில் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வாசித்தான். ஒரு நகரத்தின் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர். டேட்டாபேஸ் புதிதாக எதையும் எழுத விடவில்லை. வருகிற அழைப்புகளைக் காகிதத்தில் எழுதி, வண்டிகளுக்கு ஃபோனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எண் தீர்ந்துவிட்டது, துடைப்பத்தை ஓட்டு என்று செய்தி வருகிறது. ஓட்டினால் ஓடுகிறது, ஆனால் எதுவும் மாறவில்லை. யாராவது உதவுங்கள். கடைசியில் ஃபோன் நம்பர் கொடுத்திருந்தார்.

எல்லார் கண்ணும் அண்ணி பக்கம் திரும்பியது. எண் தீராது என்று சொல்லிவந்தவள் அவள்தானே. கொழுந்தனும் அவளைப் பார்த்தான், மூன்று வாரத்தில் முதல் தடவையாக.

"பதில் போட்டுட்டியா?" என்று கேட்டாள் அண்ணி.

அவன் இல்லை என்றான்.

"முதல்ல அந்த ஆளைக் கூப்பிடு. எங்களுக்கு அப்புறம் படிச்சுக் காட்டலாம்."

அவன் காது சிவந்தது. ஃபோனை எடுத்து நம்பரை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு மேஜை நடுவில் வைத்தான். அண்ணி எழுந்து வந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை.

பொறியாளரின் குரல் இளமையாக, வறண்டு இருந்தது. அவருக்குப் பின்னால் பல குரல்கள்; யாரோ யாரிடமோ தெருப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் கேள்விகளை அடுக்கினான். எந்தப் பதிப்பு, எவ்வளவு பெரியது, துடைப்பம் கடைசியாக எப்போது முழுதாக ஓடியது. அவர் பதில் சொல்லச் சொல்ல, அண்ணிக்கு விஷயம் விளங்கியது. துடைப்பம் ஓடாமல் இல்லை. ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆனால் ஓர் இடத்துக்கு வந்ததும் அதற்கு மேல் முத்திரை குத்தாமல் திரும்பித் திரும்பிப் போயிருக்கிறது. வழியை ஏதோ மறித்துக்கொண்டிருக்கிறது.

"எது மறிக்குது? அதுதான் எனக்குத் தெரியலை" என்றார் பொறியாளர். இதை அவர் முன்பே இரண்டு முறை கேட்டிருந்தார்.

அண்ணி ஒரு கட்டளையைச் சொல்லி அடிக்கச் சொன்னாள். அவர் அடித்தார். ஒரே ஒரு வரி வந்தது என்றார். பாதியில் நிற்கிற ஒரு மாற்றம். பல மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. முடிக்கவும் இல்லை, ரத்து செய்யவும் இல்லை. அது முடியாதவரை அதற்குப் பிந்தைய எதையும் பழசு என்று துடைப்பம் சொல்ல முடியாது.

கொழுந்தன் மூச்சு விட்டான். "கிடைச்சிடுச்சு. அதை ரத்து பண்ணுங்க" என்று ஆரம்பித்தான்.

"பண்ணாதீங்க" என்றாள் அண்ணி.

அவன் திரும்பினான். அவள் ஃபோனைப் பார்த்துத்தான் பேசினாள். அது எந்த அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். ஆம்புலன்ஸ்களில் வைக்கும் மருந்துப் பெட்டிகளின் இருப்பு அட்டவணை என்றார் அவர். பிறகு அவருக்கே நினைவு வந்தது. மருந்துக் கிடங்கின் டேட்டாபேஸையும் இவர்களுடையதையும் சேர்த்து ஒரு ஏற்பாடு செய்து பார்த்தார்கள். கிடங்கில் பெட்டி கழிந்தால் இங்கே கணக்கில் ஏற வேண்டும்; இரண்டு பக்கமும் தயார் என்று சொன்ன பிறகுதான் இரண்டும் முடியும். அந்த ஏற்பாடு சரிவரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். நிறுத்தின அன்று நடுவில் மாட்டிக்கொண்டது இது.

"அப்ப கிடங்குப் பக்கம் முடிஞ்சுதா இல்லையான்னு தெரியணும்" என்றாள் அண்ணி. "அங்க முடிஞ்சிருந்தா இங்கயும் முடிக்கணும். அங்க ரத்தாகியிருந்தா இங்கயும் ரத்து."

கொழுந்தன் ஃபோனின் ஒலியை அடக்கிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினான். மருந்துப் பெட்டி எண்ணிக்கையில் ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம்; இப்போது ஆம்புலன்ஸ்களைக் காகிதத்தில் ஓட்டுகிறார்கள். அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் சிலர் தலையை ஆட்டினார்கள். வாத்தியார்கூட வாயைத் திறந்து மூடினார்.

"நமக்கு அது பெட்டி எண்ணிக்கைன்னு எப்படித் தெரியும்?" என்றாள் அவள். "அட்டவணைப் பேரை வச்சுச் சொல்றோம். உள்ள என்ன இருக்குன்னு நாம பார்க்கலை. ரத்து பண்ணிட்டா அது திரும்பி வராது. கேட்கச் சொல்லு."

கேட்கச் சொன்னான். பொறியாளர் இன்னொரு ஃபோனில் கிடங்கைக் கூப்பிட்டார். அங்கே கம்ப்யூட்டரைப் பார்க்கிற அம்மா சாப்பிடப் போயிருந்தாள். தேடிக் கூட்டி வரப் போனார்கள். மேல்மாடி அறையில் எல்லாரும் அந்தக் காத்திருப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. ஃபோனுக்குள் தூரத்தில் ஒரு பெண் குரல், "மேற்குத் தெருன்னுதானே எழுதியிருக்கு?" என்றது. "கிழக்கு. கிழக்குன்னுதான் சொன்னாங்க" என்றது இன்னொன்று. "வண்டி எங்க போச்சு?" அதற்குப் பிறகு பொறியாளர் கையால் ஃபோனைப் பொத்திக்கொண்டார்போல, ஒன்றும் கேட்கவில்லை.

கொழுந்தன் கண்களை மூடிக்கொண்டான். அண்ணி மடியில் கைகளை இறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது ரத்து செய் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது உறுதியா பிடிவாதமா என்று அவளுக்கே அந்தக் கணம் பிடிபடவில்லை.

பொறியாளர் திரும்ப வந்தார். கிடங்குப் பக்கம் முடிந்திருக்கிறது என்றார். வெறும் எண்ணிக்கை இல்லை. காலாவதியாகிவிட்டது என்று ஒரு தொகுதி ஊசி மருந்தைக் கிடங்கு கழித்திருக்கிறது. அந்தக் கழிவு இங்கே ஏறவே இல்லை. இங்குள்ள கணக்குப்படி அந்த மருந்து இன்னும் வண்டிகளில் இருக்கிறது, நல்ல மருந்தாக.

"முடிங்க" என்றாள் அண்ணி. "அப்புறம் வண்டிங்கள்ல அந்த மருந்து இருக்கான்னு ஆள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

அவர் முடித்தார். இனி துடைப்பம் ஓட வேண்டும். முழுதாக ஓட்டினால் ராத்திரி ஆகிவிடும் என்று பொறியாளர் சொன்னபோது குரல் உடைந்தது. இங்கேதான் கொழுந்தன் முன்னால் வந்தான். முழுதாக வேண்டாம், மிகப் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒன்றிரண்டு அட்டவணைகளை மட்டும் முதலில் பெருக்கலாம், அவற்றிலும் இப்போது அவசியமில்லாத பகுதியை விட்டுவிடலாம் என்று, அவருக்குக் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னான். அவசரப்படாமல், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு சொன்னான். நடுவில் அவர் தப்பாக அடித்தபோது, பரவாயில்லை, திரும்ப அடிங்க என்றான். அண்ணி அவனைப் பக்கவாட்டில் பார்த்தாள். அந்தத் துடைப்பத்தை அவளைவிட அவன் நன்றாக அறிந்து வைத்திருந்தான்.

காத்திருந்தார்கள். குழுவில் டேட்டாபேஸுக்குக் கையேடு எழுதுகிற பெண்மணி ஒருத்தி எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிவைத்தாள், யாரும் குடிக்கவில்லை. கடைசியில் ஃபோனில், "எடுத்துக்குது" என்றார் பொறியாளர். "எழுத விடுது. அழைப்பு ஏறுது." பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தமும் யாரோ சிரித்த சத்தமும் கேட்டன.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கிழக்குத் தெரு வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். முதல் வண்டி மேற்குத் தெருவுக்குப் போய்விட்டது. இரண்டாவது போவதற்குள் நோயாளியை மகளே டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். வயதானவர், மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அதற்கு மேல் தெரியாது.

ஃபோனை வைத்ததும் வாத்தியார் எல்லாரையும் சாப்பிட அனுப்பினார். அண்ணி சாப்பாட்டுப் பக்கம் போகாமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் வந்து இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றான். "நான் சொன்ன மாதிரி ரத்து பண்ணியிருந்தா அந்த மருந்தை யாருக்காவது போட்டிருப்பாங்க."

"சரியாத்தான் இருந்துது" என்றாள் அவள். "அதுக்காக அந்த வண்டி கிழக்குத் தெருவுக்குப் போயிடலை."

அஞ்சலில் எழுதின அந்த ஒரு வரிக்காக அப்போது மன்னிப்புக் கேட்டான். அவள் கேட்டதாகத் தலையை ஆட்டினாள். அவள் மனம் அதில் இல்லை.

மதியக் கூட்டம் தொடங்கியபோது எல்லாரும் கொழுந்தனின் வாயைப் பார்த்தார்கள். அவன் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வானத்திலிருந்து விழுந்தாலும் கிடைக்காது. அவன் எழுந்து, தன் மாற்றத்தை அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டாம் என்றான்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். அவன் விளக்கினான். எழுத முடியாமல் நின்றால் ஓர் இடம் எப்படி இருக்கும் என்று இவ்வளவு நாள் தனக்குத் தெரியாது. இன்றைக்குத்தான் காதால் கேட்க நேர்ந்தது. தன்னுடைய மாற்றம் வந்தால், அந்த மாதிரி இடம் ஒவ்வொன்றையும் நாமே மணிக்கணக்கில் நிறுத்தச் சொல்வோம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிறுத்தினாலும் நிறுத்தம் நிறுத்தம்தான். நிறுத்தாமல் மாற்ற வழி கண்டுபிடிக்கும்வரை இது வேண்டாம்.

"சேர்க்கணும்" என்றாள் அண்ணி.

இரண்டு பேரும் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்களா என்று யாரோ முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி எழுந்திருக்காமலே பேசினாள். துடைப்பம் ஒழுங்காக ஓடினால் எண் தீராது என்று பல வருடமாகச் சொல்லிவருகிறேன். இன்றைக்கு அங்கே துடைப்பம் ஒழுங்காகத்தான் ஓடியது. எவனோ பாதியில் விட்டுப் போன ஒரு வேலை மறித்தது. பாதியில் வேலையை விட்டுப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்கள் பிழை என்று கை கழுவிவிடலாம். "ஆனா எழுதவிடாம நிறுத்தினது அவங்க இல்லை. நாம. அந்தச் சுவரைக் கட்டினது நாம. பதிவு தொலையக் கூடாதுன்னு கட்டினோம், அது நல்லதுக்குத்தான். இருந்தாலும் அந்த ஆள் முட்டிக்கிட்டது நம்ம சுவர்ல."

அப்புறம் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. தன்னுடைய புதுத் துடைப்பத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றாள். இரண்டுக்கும் ஆள் இல்லை. அகல எண்ணுக்கே ஆள் போகட்டும்.

அதற்கு எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கையேடு எழுதுகிற பெண்மணிக்கு முகம் கடுத்தது. எத்தனையோ பேர் அந்தத் துடைப்பத்துக்காகக் காத்திருக்கிறார்கள், வரும் வரும் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன், ஒரு மதியத்துப் பயத்தில் அதைத் தூக்கிப் போடுவது என்ன நியாயம் என்றாள். அண்ணிக்கு அது இரண்டு வருட உழைப்பு; ஆனாலும் சொன்னதிலிருந்து அவள் இறங்கவில்லை.

வாதம் சூடாகிப்போனது. கொழுந்தன் வேண்டாம் என்று அடித்துச் சொன்னான். அண்ணி வேண்டும் என்று விடாமல் நின்றாள். வாத்தியார் வாக்கெடுப்புக்கு விட்டார். கைகள் பாதிக்குப் பாதி நின்றன. தலைவர் என்ற முறையில் தீர்ப்பு அவர் கையில். அவர் எழுந்து ஜன்னல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, யார் பக்கமும் ஓட்டுப் போடாமல், பழைய அமைப்பும் புதிய அமைப்பும் ஒரே வட்டில் அருகருகே இருக்க முடியுமா என்று கேட்டார். ஒரு பக்கத்தை யாராவது தொடும்போது மட்டும் அது அகலமாகட்டும். தொடாதது அப்படியே கிடக்கட்டும்.

கொழுந்தன் முடியாது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினான். ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அகல எண்ணுக்கு இடம் போதாது என்பதுதான் காரணம். அந்தப் பக்கங்களின் உள்ளமைப்பு முழுக்கத் தெரிந்தவள் அறையில் ஒருத்திதான். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணி பேப்பரை இழுத்து ஏதோ கோடு போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். முடியலாம் என்றாள். ஆனால் ஒரு பதிப்பில் முடியாது. அடுத்ததில் அடித்தளம், அதற்கடுத்ததில் மீதி. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும். அவள் வேறு எதையும் எழுத முடியாது.

அப்படியே முடிவாயிற்று. துடைப்பம் தள்ளிப்போனது. கையேட்டுப் பெண்மணி கைதூக்கவில்லை. அதற்குப் பதிலாக அவள் வேறொன்று கேட்டாள். எது மறிக்கிறது என்று அந்த ஆள் திரும்பத் திரும்பக் கேட்டார். நமக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்கிற அதே செய்தியில், இன்ன வேலை பாதியில் நிற்கிறது, அதனால்தான் என்று டேட்டாபேஸே சொல்லிவிட்டால் என்ன? அதோடு, இன்னும் நிறைய எண் மிச்சமிருக்கும்போதே சொல்ல ஆரம்பித்தால் என்ன? அன்று முழுவதும் எல்லாரும் ஒருமனதாகக் கைதூக்கியது அந்த ஒன்றுக்குத்தான்.

நாலைந்து நாள் கழித்துப் பொறியாளர் எழுதினார். காலாவதியான மருந்து இரண்டு வண்டிகளில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். அண்ணி கேட்டிருந்த விஷயத்துக்குக் கடைசியில் பதில் இருந்தது. பெரியவர் வீடு திரும்பிவிட்டார். நடக்கிறபோது இன்னும் மூச்சு வாங்குகிறது. வண்டி முன்னாலேயே வந்திருந்தால் இப்படி இருக்காதா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. அண்ணி அதைப் படித்துவிட்டு மேலிருந்து மறுபடி படித்தாள். வீட்டுக்காரர் வந்து தோளில் கை வைத்து, யார் ஜெயித்தது என்று கேட்டார். தெரியலை என்றாள். அவரும் மேலே கேட்கவில்லை.

கொழுந்தனின் முதல் வரைவு மழைக்காலத்தில் வந்தது. படித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். ஒரு பக்கம் அகலமாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதி குறுகலாகவும் பாதி அகலமாகவும் அது வட்டில் கிடக்கும். பிறகு அதை யாராலும் படிக்க முடியாது. வேண்டாம் என்று எழுதி, அழித்தாள். எந்த இடத்தில் உடையும், எப்படி உடையும், தடுக்க என்னென்ன வழி என்று விளக்கமாக எழுதி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. "பார்த்துட்டேன் அண்ணி. இன்னைக்குத் தூக்கம் போச்சு." மறுநாள் காலையில் மூட்டை முடிச்சோடு வந்து மாடி அறையில் இறங்கினான்.

எண் அகலமானது மூன்றாவது பதிப்பில்தான். சொன்னதைவிட ஒரு வருடம் கூடவே ஆயிற்று. அதற்கு நடுவில் வேறு இரண்டு இடங்கள் எண் தீர்ந்து நின்றன. ஆனால் அங்கே இருந்தவர்கள் உதவி கேட்டு எழுதவில்லை. மறித்தது எது என்று செய்தியிலேயே இருந்ததாம். அவர்களே பார்த்துச் சரிசெய்துகொண்டார்கள். புதுத் துடைப்பம் அண்ணியின் கம்ப்யூட்டரில் பாதியில் நின்றது. அதை எடுத்து முடிக்க யாராவது வருகிறீர்களா என்று அடுத்த திட்டக் கூட்டத்தில் அவள் கேட்டாள். கையேடு எழுதுகிற பெண்மணி முதலில் கையைத் தூக்கினாள்.